இழை: உயிரொளியா, உயிரொளிர்தலா? (வெள்ளிக்குள் வேண்டும்)

இரா. எழுதியது:

குழுமத்தார்க்கு வணக்கம். மேல்நிலை வகுப்புக்கான உயிரியல் நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். அதில் ஓர் இயல் முழுவதும் உயிரினங்கள் தம் உடலிலேயே உண்டாக்கும் ஒளியைப் பற்றியது. பயோலூமினசென்ஸ் வந்த இடமெல்லாம் 'உயிரொளி' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் எல்லாவற்றையும் 'உயிரொளிர்தல்' என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். புளோரசென்ஸும் பாஸ்போரசென்ஸும் அதே இயலில் வந்து தொலைக்கின்றன. ஒளி தரும் பொருளான லூசிஃபெரினையும் அதன் நொதியான லூசிஃபெரேஸையும் என்ன செய்வது? வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது.

வே. எழுதியது:

உயிர் + ஒளி: 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்கிறது நன்னூல். புணர்ச்சியில் குறை இல்லை, பொருளில்தான். 'ஒளியொருவற்கு உள்ள வெறுக்கை' என்னும் குறளில் ஒளி வெளிச்சமா என்ன? உயிரொளி என்று தலைப்பிட்டால் ஆன்மிகச் சொற்பொழிவு என்று நினைத்து நாலு பேர் வந்து உட்காருவார்கள்.

சொல்லை ஏன் வெளியே தேடுகிறீர்கள்? அகநானூறு 72ஆம் பாட்டில் 'மின்மினி மொய்த்த முரவுவாய்ப் புற்றம்' இருக்கிறது. இரும்பை அடிக்கும்போது தெறிக்கும் பொறிபோல அது சுடர்கிறது. கரடி அதைப் பெயர்த்துப் புற்றாஞ்சோறு தின்கிறது. மின், மினுங்கு, மினுக்கு, மின்மினி எல்லாம் ஒரே வேர். வானத்து மீனும் நீரின் மீனும் மின்னுவதால் மீன் என்பார் உண்டு. ஆகவே 'உயிர்மின்'. ஈரசைச் சொல், நாவுக்கு எளிது.

ந. எழுதியது:

வே. ஐயா, உயிர்மின் என்றால் என் மாணவர்கள் மின்விலாங்கைத்தான் நினைப்பார்கள், அது தப்பும் இல்லை. இன்னொன்று: மின்னுவது விட்டுவிட்டு நடப்பது. ஒளிரும் காளான் இரவெல்லாம் விடாமல் மங்கலாக ஒளிர்கிறது, அது எங்கே மின்னுகிறது?

சொல்லுக்கு முன் நிகழ்வைப் பார்ப்போம். மின்மினியில் லூசிஃபெரின் என்ற பொருள் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறின் துணையோடு ஆக்சிஜனுடன் வினைபுரிகிறது. லூசிஃபெரேஸ் என்ற நொதி அதை நடத்திவைக்கிறது. வினையில் கிளர்வுற்ற மூலக்கூறு தணியும்போது ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது. வெளியிலிருந்து வெளிச்சம் படவேண்டியதில்லை. புளோரசென்ஸில் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு வேறு அலைநீளத்தில் திருப்பித் தரவேண்டும். இரண்டையும் குழப்பாமல் இருப்பதுதான் இந்த இயலின் உயிர்நாடி. ஏனென்றால் ஏக்வோரியா விக்டோரியா என்ற இழுதுமீனில் இரண்டும் அடுத்தடுத்து நடக்கின்றன: ஏக்வோரின் என்ற புரதம் கால்சியம் பட்டதும் நீல ஒளியைத் தர முனைகிறது, பக்கத்திலுள்ள பச்சை ஒளிர்புரதம் அந்த ஆற்றலை வாங்கிப் பச்சையாக வெளியிடுகிறது. ஷிமோமுரா குழுவினர் 1962இல் இவற்றைப் பற்றி எழுதினார்கள். பச்சைப் புரதத்துக்காக 2008இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஆகவே 'ஒளிர்வு' எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்கட்டும், முன்னொட்டு வேற்றுமை காட்டட்டும்: வேதியொளிர்வு, உடனொளிர்வு (புளோரசென்ஸ்), நின்றொளிர்வு (பாஸ்போரசென்ஸ், வெளிச்சம் நின்ற பின்னும் ஒளிர்வது), உயிரொளிர்வு.

கு. எழுதியது:

இத்தனை இலக்கணம் எதற்கு? 'தன்னொளி' போதாதா? இல்லாவிட்டால் 'குளிரொளி'. சூடில்லாத வெளிச்சம் என்று எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

ந. எழுதியது:

எல்.இ.டி.யும் குளிரொளிதானே, கு.? தன்னொளியில் இன்னும் பெரிய வில்லங்கம். ஆழ்கடல் தூண்டில்மீன் பலவற்றின் தலைமேல் தொங்குகிற விளக்கில் ஒளிர்வது மீன் அல்ல, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா. அங்கே 'தன்' யார்? போதாக்குறைக்கு, உயிரணுக்கள் சாயமேற்றாமலே உடனொளிர்வதை ஆய்வகங்களில் தன்னொளிர்வு என்று சொல்லத் தொடங்கிவிட்டோம்.

சு. எழுதியது:

இடைபுகுவதற்கு மன்னிக்கவும். ஒளி என்பதற்கு மறைதல் என்றும் பொருள் இருப்பதை யாரும் தொடவில்லையே! ஹவாய்க் கடலில் ஒரு குட்டைவால் கணவாய் இருக்கிறது. இரவில் மேலிருந்து நிலவொளி படும்போது, கீழே இருப்பவர் கண்ணுக்குத் தன் உருவம் கருப்பாகத் தெரியாதபடி வயிற்றுப் பக்கம் பாக்டீரியாவால் ஒளிர்கிறது. ஒளிர்ந்தே ஒளிகிறது. தமிழ் தவிர வேறு எந்த மொழியில் இதை இரண்டு சொல்லில் சொல்லமுடியும்?

வே. ஐயாவின் புற்றுக்கும் ஒரு செய்தி. பிரேசிலில் கறையான் புற்றுகளில் ஒருவகை வண்டின் புழுக்கள் குழிபறித்துக் குடியிருந்து, இரவில் பச்சையாக ஒளிர்ந்து இரையை இழுக்கின்றன. புற்று முழுக்க விளக்கு வைத்தாற்போல இருக்கும். நம் பாட்டில் மொய்ப்பது மின்மினி; ஆனாலும் படித்ததும் அகநானூறுதான் நினைவுக்கு வந்தது.

வே. எழுதியது:

சு., வாழ்க. லூசிஃபெரினுக்கு வருகிறேன். 1880களில் துபுவா என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். இலத்தீனில் ஒளிகொணர்வது, அதாவது விடிவெள்ளி. அதைத் தமிழாக்கினால் 'வெள்ளியம்' என்றாகும்.

கு. எழுதியது:

ஐயா, மாணவன் அதை வெள்ளி உலோகத்தின் உப்பு என்று எழுதிவைப்பான்.

ந. எழுதியது:

பெயர்தான் ஒன்று, மின்மினியின் லூசிஃபெரினும் கடலுயிர்களின் லூசிஃபெரினும் வேதியமைப்பில் வேறுவேறு. 'ஒளிரி', 'ஒளிர்நொதி' என்று முதன்முறை விளக்கமாகச் சொல்லிவிட்டு, பிறகு லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்றே போகலாம். வினையாக எழுதும்போது 'மின்மினி உயிரொளிர்கிறது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், காது வலிக்கும். 'ஒளிர்கிறது' போதும்.

இரா. எழுதியது:

வியாழன் இரவாகிவிட்டது. உயிரொளிர்வு, துறைக்கு உயிரொளிர்வியல், லூசிஃபெரின் அப்படியே. இதை மூவர் ஏற்கிறார்கள், அல்லது மறுக்கத் தெம்பில்லாமல் இருக்கிறார்கள். மெய்ப்பாளருக்கு இன்னும் '-தல்'தான் வேண்டுமாம். நிகழும் செயலுக்குத் தல், விளைந்த நிகழ்வுக்கு வு என்று சொல்லிப் பார்த்தேன், பதில் இல்லை.

வே. எழுதியது:

அச்சுக்கு அனுப்புங்கள், தடுக்கவில்லை. சொல்லடைவில் மட்டும் 'உயிர்மின்' என்பதையும் ஒரு வரி சேருங்கள். மின்னை மின்சாரத்துக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.