எலி ஆய்வு: அனுமதி அப்புறம் வாங்கலாமா?

கேள்வி (பென்னாகரம்): எம்.ஃபார்ம் படிக்கிறேன். ஆவாரம்பூச் சாறு சர்க்கரையைக் குறைக்குமா என்று 36 வெள்ளை எலிகளில் பார்க்க வேண்டும். “எலிதானே, கடையில் வாங்கித் தொடங்கு, அனுமதி அப்புறம்” என்கிறார் சீனியர் அண்ணா. எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில் (கிருஷ்ணகிரி, கால்நடை மருத்துவர்): தொடங்காதேம்மா. 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விலங்கு ஆய்வுக்கான 1998 விதிகள் இரண்டும் எலிக்கும் உண்டு. முதலில் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் பி படிவம் (ஆய்வு அனுமதிக்கான விண்ணப்பம்) கொடு. பதிவு பெற்ற வளர்ப்பகத்திலிருந்துதான் எலி வர வேண்டும்.

பதில் (ஓசூர்): இப்படியொரு குழுவில் இருந்திருக்கிறேன். நான் கேட்கும் முதல் கேள்வியே “ஏன் 36?” என்பதுதான். வலிக்கு என்ன மருந்து, முடிவில் எலிகளை என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கேட்டவர்: சரிங்க ஐயா. எத்தனை வெவ்வேறு சாற்று அளவுகளைச் சோதிப்பது என்பதைக் குறைத்துக் கணக்குப் போட்டதில் 24 எலி போதும் என்று வந்தது. 12 உயிர் மிச்சம். படிவத்தை நாளை கொடுக்கிறேன்.