கார் ஏசி ஓடும்போது சில்லென்று, சிக்னலில் நின்றால் வெறும் காற்று: கேஸ் குறைவா, கம்ப்ரசரா?

கோவை_ஹேட்ச்பேக்:
2005 மாடல் பெட்ரோல் வண்டி. பானெட் ஸ்டிக்கரில் ஆர்134ஏ (ஏசி கேஸ்), 500 கிராம், பிஏஜி 46 (கம்ப்ரசர்) ஆயில் என்று இருக்கிறது. அவிநாசி ரோட்டில் 60-ல் போனால் நன்றாகக் குளிர்கிறது. லட்சுமி மில்ஸ் சிக்னலில் நின்றால் இரண்டு நிமிடத்தில் வெறும் காற்றுதான். இந்த வருடம் இரண்டு முறை கேஸ் டாப்-அப் செய்தாயிற்று. இரண்டு முறையும் வேக்யூம் போடாமல் (உள்ளிருக்கும் காற்றைப் பம்ப்பால் உறிஞ்சி எடுக்காமல்) நேராக லோ சைடில், அதாவது பிரஷர் குறைந்த பக்கத்தில், ஏற்றினார்கள். இப்போது கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? பிரஷர் பார்க்கும் கேஜ் செட் கைவசம் இருக்கிறது.

கேஜ்செட்:
கம்ப்ரசரை இப்போது தொடாதீர்கள் சார். தேய்ந்த கம்ப்ரசர் என்றால் லோ சைடு ஏறியும் ஹை சைடு (பிரஷர் கூடிய பக்கம்) இறங்கியும் நிற்கும், வண்டி ஓடினாலும் சரியாகக் குளிராது. உங்களுக்கு ஓடும்போது குளிர்கிறது என்றால், கண்டென்சருக்கு (ரேடியேட்டர் முன்னால் கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) காற்று போதவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். ஓட்டத்தில் எதிர்க்காற்று ஃபேன் வேலையைச் செய்துவிடுகிறது.

மூன்று அளவு எடுத்துப் போடுங்கள்.

காலையில் இன்ஜின் போடுவதற்கு முன் இரண்டு கேஜும் என்ன காட்டுகின்றன, அப்போது நிழலில் வெப்பம் எவ்வளவு. பிறகு மதிய வெயிலில் ஏசி ஃபுல், ஜன்னல் திறந்து, 1500 ஆர்பிஎம்மில் லோ, ஹை இரண்டும். அதே நிலையில் கண்டென்சர் மேல் தண்ணீரைப் புகையாகத் தெளித்து (ஃபேன் மோட்டார், கனெக்டர் பக்கம் படாமல்) ஹை சைடு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கண்டென்சர் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ஃபேன் சரியாக இழுத்தால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கோவை_ஹேட்ச்பேக்:
காலை 28 டிகிரி, இரண்டு கேஜும் 110 பிஎஸ்ஐ. மதியம் 34 டிகிரியில் லோ 52, ஹை 320. தண்ணீர் தெளித்ததும் ஹை 240-க்கு இறங்கியது, லோ 40. தாள் ஒட்டவில்லை, நழுவி விழுந்துவிடுகிறது. ஃபேன் சுற்றத்தான் செய்கிறது.

கேஜ்செட்:
இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது.

ஒன்று ஃபேன். சுற்றுவது போதாது, வேகமாகச் சுற்ற வேண்டும். பேட்டரியிலிருந்து நேரடி 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். அப்போது வேகம் ஏறினால் ரிலே, கனெக்டர், எர்த் வயர் இவற்றில் எங்கோ வோல்ட்டேஜ் விழுகிறது. நேரடியாகக் கொடுத்தும் சோம்பலாகச் சுற்றினால் மோட்டார் கார்பன் தேய்ந்துவிட்டது, மோட்டாரை மாற்றுங்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சேர்ந்த தூசி, பூச்சியையும் உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் கிட்டே போனால் துடுப்புத் தகடுகள் மடங்கிவிடும்.

இரண்டாவது, உள்ளே காற்று. சுத்தமான ஆர்134ஏ, இன்ஜின் ஓடாமல் ஆறிய நிலையில், வெப்பத்துக்குத் தக்க ஒரே பிரஷரைத்தான் காட்டும்: 25 டிகிரியில் சுமார் 82 பிஎஸ்ஐ, 28-ல் 91, 30-ல் 97, 35-ல் 114. உங்களுக்கு 91 வர வேண்டிய இடத்தில் 110. வேக்யூம் இல்லாமல் ஏற்றியதால் ஹோஸில் இருந்த காற்று உள்ளே போயிருக்க வேண்டும். அல்லது டப்பாவில் வேறு கேஸ் கலந்திருக்கலாம். போலி டப்பாக்களும் சந்தையில் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை 300 கிராம் இருந்தாலும் 500 இருந்தாலும் இந்தக் காலை பிரஷர் மாறாது. ஆகவே அதை வைத்து அளவு சொல்ல முடியாது. கேஜைப் பார்த்து கேஸ் ஏற்றுவதை நான் ஏற்க மாட்டேன். எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

பழையவண்டி:
இடையில் ஒரு சந்தேகம். 90-களின் தொடக்கத்து ஆர்12 (பழைய ஏசி கேஸ்) வண்டிக்கும் இதே கணக்குதானா?

கேஜ்செட்:
இல்லை தம்பி. ஆர்12-ன் மினரல் ஆயில் ஆர்134ஏ-வோடு கலக்காது, கம்ப்ரசர் ஆயில் இல்லாமல் காய்ந்துவிடும். பழைய ஆயிலை வடித்து எஸ்டர் ஆயில், புது டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் பாகம்), புது ஓ-ரிங், ஆர்134ஏ அடாப்டர். பழைய அளவில் 80 முதல் 85 சதவீதம் போதும். குளிர் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

கோவை_ஹேட்ச்பேக்:
ஃபேன் மோட்டார் மாற்றியாயிற்று அண்ணா, தாள் ஒட்டுகிறது. கேஸை எப்படி எடுத்து மறுபடி ஏற்றுவது? லீக் எங்கே தேடுவது?

கேஜ்செட்:
பழைய கேஸை வெளியில் விடாதீர்கள். ஆர்134ஏ வெப்பம் பிடிப்பதில் கார்பன் டை ஆக்சைடைவிட 1430 மடங்கு. ரெக்கவரி மெஷின் இருக்கும் கடையில் எடுத்துவிட்டு நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றச் சொல்லி சோப்புத் தண்ணீர் பூசுங்கள். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை ஏற்றவே விடாதீர்கள், ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். கண்டென்சர் இணைப்புகள், சர்வீஸ் போர்ட்டின் பின் (ஊசி) வால்வுகள், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் (கிளட்ச் சுற்றி ஆயில் கறை இருந்தால் அங்கேதான்), கடைசியாகக் கூலிங் காயில். வேக்யூமில் முள் நிற்கிறது, லீக் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். வேக்யூம் என்பது வெறும் 15 பிஎஸ்ஐ வித்தியாசம். ஓடும்போது ஹை சைடில் இருப்பது 200-க்கு மேல்.

லீக்கை அடைத்த பிறகு டிரையரை மாற்றி 15 மில்லி பிஏஜி 46 சேருங்கள். பிஏஜி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், திறந்த பாட்டிலை வைத்திருந்து ஊற்றாதீர்கள். பிறகு 45 நிமிடம் வேக்யூம். 30 டிகிரியில் உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து வெளியேற, கடல்மட்டத்தில் கேஜ் 28.7 இன்ச்சை (பாதரச அளவு) தாண்ட வேண்டும். கோவை சுமார் 410 மீட்டர் உயரம், அங்கே முழு வேக்யூமுக்கே 28.5 பக்கம்தான் காட்டும். முள் 29-ஐத் தொடவில்லை என்று பம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

450 கிராம் டப்பா இரண்டு வாங்குங்கள். சமையலறைத் தராசில் டப்பாவை வைத்து ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை எழுதுங்கள். டப்பாவோடு இணைக்கும் மஞ்சள் ஹோஸில் இருக்கும் காற்றைச் சிறிது கேஸ் விட்டு வெளியேற்றுங்கள். இன்ஜின் போட்டபின் ஹை சைடு வால்வைத் திறக்கவே கூடாது, டப்பா வெடிக்கும். லோ சைடில் மட்டும், டப்பா நிமிர்ந்த நிலையில். குளிர்ந்து மெதுவானால் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம், 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கோவை_ஹேட்ச்பேக்:
கண்டென்சர் அவுட்லெட் ஓ-ரிங்கில் குமிழி வந்தது, மாற்றிவிட்டோம். 500 கிராம் ஏற்றியபின் 34 டிகிரியில் லோ 33, ஹை 215. 1500 ஆர்பிஎம், உள்காற்று சுற்றும் நிலையில் வென்ட்டில் 9 டிகிரி. ஐடிலில் 12.

கேஜ்செட்:
சரியான அளவு. சர்வீஸ் போர்ட் மூடிகளைக் கையால் இறுக்கிப் போடுங்கள், உள்ளே ஓ-ரிங் இருக்கிறதா பாருங்கள். பின் வால்வ் லேசாகக் கசிந்தாலும் நிறுத்துவது அந்த மூடிதான்.