தேங்காய் சட்னியில் பொட்டுக்கடலை: சேர்க்கலாமா, கூடாதா?

நான்காம் மாடி:
வேளச்சேரியில் நான்கு பேர் சேர்ந்து தங்கியிருக்கிறோம். மாவு கடையில் வாங்குகிறோம், சட்னி மட்டும் வீட்டில். நான் அரைக்கும் தேங்காய் சட்னி தட்டில் ஊற்றியதுமே பிரிந்துவிடுகிறது. நடுவில் துருவல் குவிந்து நிற்கிறது, சுற்றிலும் வெள்ளைத் தண்ணீர் ஓடுகிறது. அறையில் இருக்கும் ஈரோட்டுக்காரன் 'பொட்டுக்கடலை போடுடா, சரியாகிவிடும்' என்கிறான். கும்பகோணத்துக்காரன் 'கடலை போட்டால் எனக்குச் சட்னி வேண்டாம், பொடி தொட்டுக்கொள்கிறேன்' என்கிறான். நான் போடுவது ஒரு மூடித் தேங்காய், பச்சை மிளகாய் மூன்று, சிறு துண்டு இஞ்சி, உப்பு. இவ்வளவுதான். யார் சொல்வதைக் கேட்பது?

தஞ்சாவூர் தாளிப்பு:
கும்பகோணத்துப் பிள்ளை சொல்வதைக் கேள். தேங்காய் சட்னிக்குத் தேங்காய் போதும். காய் முற்றியிருக்க வேண்டும், ஆனால் கொப்பரையாகத் தொடங்கியிருக்கக் கூடாது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வரை போகாதே, நிறமும் கெடும், லேசாகக் கசக்கும். மிளகாய், இஞ்சி, உப்பு, சுண்டைக்காய் அளவு புளி, துருவல் எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் இரண்டு சுற்று சுற்று. அப்புறம் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் விட்டு அரை. எடுத்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டு. கடலை சேர்த்தால் தேங்காயின் தித்திப்பு அடங்கிப்போகும், நாக்கில் மாவு தட்டும். அதெல்லாம் தேங்காயை மிச்சம் பிடிக்க ஓட்டல்காரர்கள் செய்கிற வேலை. வீட்டுக்குள் அது எதற்கு?

கோவை மெஸ்:
அக்கா, வணக்கமுங்க. ரொம்ப வருஷமாக மெஸ் நடத்துகிறேன், அதனால் இந்த 'மிச்சம் பிடிக்கிற வேலை' என்பதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். கடலையை ஏமாற்றுவதற்காகப் போடுவதில்லை, அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அது ஏற்கனவே வறுத்து உடைத்தது. வேகவைக்காமலே அரைக்கலாம், பச்சை வாடை இருக்காது, தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சட்னி பிரியாமல் நிற்கிறது. இட்லிக்குச் சட்னி சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதாது, இட்லித் துண்டை முக்கி எடுத்தால் மேலே படிந்து வரவேண்டும். தேங்காய் மட்டும் அரைத்த சட்னி வாய்க்குப் போவதற்குள் வழிந்து தட்டுக்கே திரும்பிவிடும்.

தம்பிக்கு அளவு சொல்கிறேன். ஒரு கப் துருவலுக்கு இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை. அதற்கு மேல் வேண்டாம். தோல் இருந்தால் ஊதிவிட்டுப் போடு. டப்பாவில் ரொம்ப நாள் கிடந்த கடலை என்றால் முதலில் நாலு எடுத்து மென்று பார். சிக்கு வாடை அடித்தால் தூக்கிப் போட்டுவிடு, அது சட்னி முழுக்க ஏறிவிடும். நமுத்திருந்தால் மட்டும் வெறும் வாணலியில் லேசாகச் சூடுகாட்டினால் போதும்.

தஞ்சாவூர் தாளிப்பு:
இரண்டு கரண்டி என்று இங்கே எழுதுகிறீர்கள். எந்த ஓட்டலில் இரண்டு கரண்டியோடு நிறுத்துகிறார்கள்? சரிக்குச் சரி கடலை, அதற்கு மேல் தண்ணீர், நிறத்துக்குக் கொத்தமல்லி. அதில் தேங்காய் எங்கே இருக்கிறது என்று தேடத்தான் வேண்டும். கொண்டைக்கடலையை அரைத்துத் தொட்டுக்கொள்ள ஆசை என்றால் லெபனானில் ஹம்முஸ் செய்கிறார்களே, எள் விழுது, எலுமிச்சை எல்லாம் சேர்த்து. அதைச் செய்துவிட்டுப் போகலாம். அதற்குத் தேங்காய் சட்னி என்று பெயர் வைக்க வேண்டாம்.

கோவை மெஸ்:
சரிக்குச் சரி போடுகிறவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லைங்க. ஆனால் ஒன்று யோசியுங்கள். காலை ஆறு மணிக்கு அரைத்த சட்னி எட்டரைக்கு வருகிறவருக்கும் அதே பதத்தில் இருக்கவேண்டும். வீட்டில் அரைத்ததும் பரிமாறுகிறீர்கள், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

தஞ்சாவூர் தாளிப்பு:
இரண்டு தடவை அரைக்கிறது.

கோவை மெஸ்:
அரைக்கிறோம் அக்கா. அப்படியும் இடையில் நிற்கத்தானே செய்யும்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் தம்பியின் கேள்வியை விட்டுவிட்டு ஓட்டலுக்குப் போய்விட்டீர்கள். சட்னி ஏன் பிரிகிறது என்று பார்ப்போம். 100 கிராம் தேங்காயில் ஏறக்குறைய 33 கிராம் கொழுப்பு, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், மீதி நார்ச்சத்தும் மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும். நைசாக அரைபட்டால் அந்தக் கொழுப்பு பொடித் துளிகளாகி நீரோடு கலந்து பால் போல நிற்கும். திப்பி திப்பியாக அரைபட்டால் நார் ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம். ஆக, தம்பியின் சட்னி சரியாக அரைபடவில்லை. கடலை போட்டால் அந்தக் குறை தெரியாமல் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். முதலில் இதைச் சொல்: எந்த ஜாரில் அரைக்கிறாய்? தண்ணீர் எப்போது விடுகிறாய்?

நான்காம் மாடி:
ஜூஸ் போடுகிற பெரிய ஜார் அண்ணா. எல்லாவற்றையும் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டுவேன். இல்லையென்றால் துருவல் எல்லாம் சுவரில் அப்பிக்கொள்கிறது.

கணக்குப்பிள்ளை:
அதுதான் விஷயம். ஒரு மூடித் துருவலைப் பெரிய ஜாரில் போட்டால் பிளேடுக்கு எட்டாது. தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் துருவல் மிதந்து சுற்றும், அரைபடாது. சின்ன சட்னி ஜார் எடு. நிறுத்தி நிறுத்தி ஓட்டு, நடுவில் கரண்டியால் சுவரை வழித்துவிடு. தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும், தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி எண்ணெய் கக்கும்.

தஞ்சாவூர் தாளிப்பு:
இதைத்தான் நான் முதலிலேயே 'கரண்டி கரண்டியாக' என்று எழுதினேன். கடலைக்கு வேலையே இல்லை என்று இப்போது தெரிகிறதா?

கோவை மெஸ்:
தெரியவில்லைங்க. ஜார் சரியாக இருந்தால் பிரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். படிந்து வருமா என்பது வேறு கேள்வி. அதோடு எல்லோர் வீட்டிலும் தினம் நல்ல காய் உடைபடுவதில்லை. சில காய் சப்பென்று இருக்கும், சில காய் இளசு. இளசான காயில் கொழுப்பு குறைவு, எவ்வளவு நைசாக அரைத்தாலும் நீர்த்துத்தான் கிடக்கும். அன்றைக்கு என்ன செய்வீர்கள்?

தஞ்சாவூர் தாளிப்பு:
அன்றைக்குத் தக்காளி சட்னி அரைப்பேன்.

ஸ்கார்பரோ அடுப்படி:
நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில். எங்கள் வீட்டில் தோசைக்கும் இடியப்பத்துக்கும் சம்பல்தான். செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் உரலில் இடித்து, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ (நீங்கள் சொல்லும் துருவல்), கொஞ்சம் பழப்புளி சேர்த்து இடிப்போம். புளி இல்லாவிட்டால் கடைசியில் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிவோம். தண்ணீரே விடுவதில்லை, பிறகு பிரிவதற்கு என்ன இருக்கிறது? உறைப்பும் புளிப்பும் முன்னுக்கு நிற்கும். இதற்குள் கடலையைப் போட்டால் அம்மா உலக்கையோடு வருவா.

ஆனால் இங்கே எனக்கு ஒரு சிக்கல். ஃபிரீசரில் வைத்து விற்கும் தேங்காய்ப்பூ பாக்கெட்தான் கிடைக்கிறது. உறைந்து இளகியதில் தண்ணீர் கசிகிறது, அரைத்த சட்னி ஒருநாளும் நிற்பதில்லை. தோசைக்குத் தமிழ்நாட்டு முறையில் சட்னி அரைக்கும்போது நான் கடலை போடத்தான் செய்கிறேன். தஞ்சாவூர் அக்கா இதற்கு என்ன சொல்வா?

தஞ்சாவூர் தாளிப்பு:
உங்களுக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் அம்மா, ஐஸ் கட்டித் தேங்காயை வைத்துக்கொண்டு நீங்கள் வேறென்ன செய்வீர்கள். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, பிழிந்துவிட்டு அரைத்துப் பாருங்கள். பிழிந்த தண்ணீரையே மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். பொட்டுக்கடலைக்குப் பதில் நாலு முந்திரி ஊறவைத்துப் போட்டாலும் நிற்கும்.

கோவை மெஸ்:
ஆக, முந்திரி போடலாம், கடலை போடக்கூடாது! பணக்காரக் கெட்டிக்கு அனுமதி, ஏழைக் கெட்டிக்குத் தடை. நல்லா இருக்குங்க உங்க நியாயம்.

தஞ்சாவூர் தாளிப்பு:
முந்திரி தேங்காய் ருசியை மூடாது. அதுதான் வித்தியாசம், விலை இல்லை.

ஆனைமலைத் தோப்பு:
விலை என்றதும் வந்தேன். எங்களுக்குத் தென்னந்தோப்பு. வெள்ளை ஈ, கேரள வாடல் நோய் இரண்டும் சேர்ந்து இந்தப் பக்கம் காய்ப்பை அடித்துவிட்டன. 2025-ஆம் ஆண்டுக்கு எண்ணெய் ஆட்டுகிற அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். சந்தை விலை அதைத் தாண்டி எங்கேயோ போனது. கொப்பரைக்கு இழுப்பு கூடினால் சமையலுக்கு வரும் காயும் ஏறத்தானே செய்யும். அப்போது ஓட்டல்களில் சட்னிக்குப் பக்கத்தில் கார சட்னி வாளிதான் அடிக்கடி வந்தது. காய் விலை ஏறினால் சட்னியில் கடலை ஏறும், இது ஊருக்கே தெரிந்த சங்கதி. மெஸ் அண்ணன் யோக்கியராக இருக்கலாம், எல்லோரும் அப்படி இல்லை.

என் கட்சி தஞ்சாவூர் கட்சி. தேங்காய் விற்கிறவன் வேறு எந்தக் கட்சியில் இருப்பான்?

ஓட்ஸ் கஞ்சி:
யாரும் உடம்பைப் பற்றிப் பேசவில்லையே. தேங்காயில் கொலஸ்ட்ரால் அதிகம். கடலை போட்டால் புரதமும் கிடைக்கும், தேங்காயும் குறையும். அதற்காகவே போடலாம்.

கணக்குப்பிள்ளை:
தேங்காயில் கொலஸ்ட்ரால் கிடையாது. செடி கொடியிலிருந்து வரும் எதிலும் அது சொல்லும்படி இருக்காது. தேங்காயில் இருப்பது நிறைகொழுப்பு, அது அதிகமானால் நம் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும் என்பதுதான் கவலை. புரதக் கணக்கும் பார்த்துவிடலாம். பொட்டுக்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம். இரண்டு மேசைக்கரண்டி என்பது 20 கிராம் அளவுக்கு வரும், அதில் 4 கிராம் புரதம். அதையும் நான்கு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு கிராம். இதற்காக யாரும் கட்சி மாற வேண்டாம்.

கோவை மெஸ்:
அந்த ஒரு கிராமையும் என் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

பல்லாவரம் டிபன் பாக்ஸ்:
என் கேள்வி வேறு. காலையில் அரைத்த சட்னியைப் பிள்ளைகளுக்கு மதியத்துக்குக் கட்டிக் கொடுக்கலாமா? கடலை போட்டால் ஊசிப்போகாது என்று மாமியார் சொல்கிறார்.

கணக்குப்பிள்ளை:
கடலைக்கும் கெடாமல் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஈரமும் கொழுப்பும் உள்ள பச்சைத் தேங்காய், சமைக்காதது. சென்னை வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்தில் வாடை மாறிவிடும். புளியோ தயிரோ சேர்த்தால் கொஞ்சம் தாங்கும், அதை நம்பி டிபன் பாக்ஸில் வைக்க முடியாது.

தஞ்சாவூர் தாளிப்பு:
கட்டிக் கொடுக்க வேண்டுமென்றால் துவையல் கொடுங்கள். உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து, அதே வாணலியில் தேங்காய்த் துருவலையும் ஈரம் போகும்வரை புரட்டி, ஆறவைத்து, புளி உப்போடு கெட்டியாக அரையுங்கள். தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குத் தாங்கும். ரயில் பயணத்துக்கு அதையும் நம்பாதீர்கள், நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடிதான்.

கோவை மெஸ்:
இதில் எனக்கும் அக்காவுக்கும் சண்டை இல்லை. துவையலில் கடலை போட்டால் நானே கோபித்துக்கொள்வேன்.

ஸ்கார்பரோ அடுப்படி:
மீந்த சட்னியை ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த நாள் வெள்ளை வெள்ளையாகக் கட்டி விழுகிறது. கெட்டுவிட்டதா?

கணக்குப்பிள்ளை:
தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். அதுதான் அந்த வெள்ளைக் கட்டி. முகர்ந்து பாருங்கள், வாடை சரியாக இருந்தால் அறைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் கரைந்துவிடும். ஊரில் அரைத்த சட்னியைத் தாளிப்போடு மறுநாளுக்கு வைக்கும் வழக்கமே இல்லை, உங்கள் ஊர்க் குளிருக்கு நடக்கலாம்.

நான்காம் மாடி:
இன்று காலை சின்ன ஜாரில், கடலை இல்லாமல், தஞ்சாவூர் அக்கா சொன்ன வரிசையில் அரைத்தேன். பிரியவில்லை. கும்பகோணத்துக்காரன் மூன்று தடவை ஊற்றிக்கொண்டான். ஈரோட்டுக்காரன் 'நல்லாத்தான் இருக்கு, ஆனால் இட்லியில் நிற்கவில்லை' என்று சொல்லிவிட்டுத் தன் பங்குக்கு மட்டும் கடலைப் பொடியைக் கலக்கிக்கொண்டான். நான்காவது ஆள் கெட்சப்.

கோவை மெஸ்:
ஈரோட்டுப் பையனிடம் சொல், பொடியாகப் போட்டு மேலே கலக்கக் கூடாது, கட்டி கட்டியாக நிற்கும். தேங்காயோடு சேர்த்து அரைக்க வேண்டும். நாளைக்கு என் அளவில் ஒரு தடவை செய்து பாருங்கள், அப்புறம் ஓட்டுப் போடுங்கள். கெட்சப் ஆளுக்கு ஓட்டு கிடையாது.

தஞ்சாவூர் தாளிப்பு:
கெட்சப் ஆளைக்கூட நான் திருத்திவிடுவேன். கடலை ஆளைத் திருத்துவதுதான் கஷ்டம். தம்பி, தாளிப்புக்கு எந்த எண்ணெய் ஊற்றினாய்?

நான்காம் மாடி:
ரீஃபைண்ட் அக்கா.

தஞ்சாவூர் தாளிப்பு:
அடுத்த தடவை நல்லெண்ணெய்.

ஆனைமலைத் தோப்பு:
தேங்காய் எண்ணெய் என்று சொல்லுங்கள் அக்கா! எங்களுக்கும் நாலு காசு வரட்டும்.