வேக்குவம் லீக் (எஞ்சினுக்குள் தவறான வழியில் காற்று நுழைவது) உங்களுக்கு எப்படி மாட்டியது?

பிளக், காயில் எல்லாம் மாற்றியும் ஐடில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடுவது) நிற்காத வண்டி. நிறுத்தத்தில் நின்றால் ஆர்பிஎம் முள் ஏறி இறங்கும், சில நேரம் எஞ்சின் அணைந்தே போகும். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஸ்கேனரில் பி0171, அதாவது லீன், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் ஆக்ஸிஜன் சென்சாரைத்தான் குறை சொன்னார்கள். அதுவோ உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு மெக்கானிக் லைவ் டேட்டாவில் ஃப்யூவல் டிரிம்மைக் காட்டினார், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை. ஐடிலில் +22. ஆக்சிலேட்டர் கொடுத்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் +4. "காத்து திருட்டு வழியில உள்ள போகுதுங்க" என்றபடி மேனிஃபோல்டுக்குப் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) பின்னால் கையை விட்டு, பிசிவி ஹோஸ் (கிராங்க்கேஸ் வாயுவை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் ரப்பர் குழாய்) வளையும் இடத்தை மடக்கினார். மேல்பக்கம் பளபளவென்று இருந்த ரப்பர் அடிப்பக்கம் வாய் பிளந்தது. விரலால் பொத்தினார். ஆர்பிஎம் சட்டென்று விழுந்து, ஒருமுறை தடுமாறி, அப்புறம் சீராக நின்றது. இத்தனை பாகம் மாற்றச் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த ஹோஸைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது இன்னும் ஆறவில்லை.

—

எனக்கு பிரேக்கில் வந்தது. பெடலை மிதித்தால் டாஷ்போர்டுக்கு அடியில் 'ஸ்ஸ்' என்று சத்தம், கூடவே எஞ்சின் துடிக்கும். எஞ்சினின் வேக்குவத்தால் பெடலை லேசாக்கும் பூஸ்டரின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருந்தது. எஞ்சினை அணைத்துப் பெடலை நாலைந்து முறை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். என்னுடையது இறங்கவே இல்லை. இதை ஐடில் பிரச்சினை என்று தள்ளிப்போடாதீர்கள், பிரேக் சம்பந்தப்பட்டது.

—

கார்ப் கிளீனர் ஸ்ப்ரே இருக்க ஸ்கேனர் எதற்கு? ஐடிலில் ஓடவிட்டு மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். மூன்றாவது சிலிண்டர் பக்கம் அடித்ததும் ஆர்பிஎம் மாறியது, அவ்வளவுதான். ஒன்று மட்டும், குளிர்ந்த எஞ்சினில் பாருங்கள். என் வண்டியில் சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளி அடைபட்டுவிடும்.

—

ஸ்ப்ரே ஆலோசனையை அப்படியே விடக்கூடாது. அது எளிதில் தீப்பிடிக்கும் திரவம், பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கொதித்துக்கொண்டிருக்கும். பழைய பிளக் வயரில் ஒரு பொறி கசிந்தால் போதும். தவிர, திரவம் வழிந்து வேறு இடத்தில் உறிஞ்சப்பட்டால் நல்ல கேஸ்கெட்டைப் பிரித்துப்போடுவீர்கள். ஸ்மோக் டெஸ்ட் செய்யுங்கள். எஞ்சின் அணைந்திருக்கும், அதனால் பயமில்லை. காற்று உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டு, பூஸ்டர் ஹோஸ் வழியாகப் புகையை விடலாம். அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ-க்குள் இருக்கட்டும். கம்ப்ரசரை நேராக மாட்டினால் நன்றாக இருக்கும் சீல்களும் போய்விடும். புகை நிரம்பச் சில நிமிடம் ஆகும், அவசரப்படாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் வரும் புகையைக் கண்டு ஏமாற வேண்டாம், அடைப்பு சரியில்லை என்று அர்த்தம்.

என் வண்டியில் இன்ஜெக்டர் ஓ-ரிங்கிலிருந்து நூல் போல மேலே வந்தது. ரிங்கை எடுத்தால் கையிலேயே ஒடிந்தது.

—

முதலில் எழுதியவர் டிரிம் கணக்கைச் சொன்னது சரி. ஆனால் எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. காற்றை அளக்க மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால்தான் அளக்காத காற்று டிரிம்மில் அவ்வளவு தெளிவாகத் தெரியும். மேப் சென்சாரை நம்பி ஓடும் எஞ்சினில் மேனிஃபோல்ட் அழுத்தம் கூடியதைப் பார்த்து அதுவே பெட்ரோலைக் கூட்டிவிடும். டிரிம் பெரிதாக ஏறாது, ஐடில்தான் உயர்ந்து நிற்கும்.

என்னுடையது அப்படித்தான், 1400-க்குக் கீழே வரவே மாட்டேன் என்றது. கூடவே மெல்லிய விசில். டிப்ஸ்டிக்கை உருவியதும் விசில் நின்றது. ஆயில் மூடியைத் திறக்கப் போனால் உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இறுக்கம். வால்வ் கவருக்குள் இருக்கும் பிசிவி டயஃப்ரம் கிழிந்து, மேனிஃபோல்டின் முழு வேக்குவமும் கிராங்க்கேஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. கவரை மாற்றியதும் 750-க்கு வந்துவிட்டது.

பெட்ரோல் போட்டவுடன் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? அப்படியானால் ஹோஸ்களை விட்டுவிட்டு, டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். மின்சாரம் இல்லாதபோது காற்று போகக்கூடாது.