ஆத்தா கைக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேணும் (காரைக்குடி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். கண்டனூர்லேருந்து எழுதுறேன். ஆத்தாவுக்குப் பக்கவாதம் வந்து 4 மாசமாச்சு. நடந்துட்டாக. வலது கைதான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது. ஓலைக் கொட்டான் (கூடை) முடைஞ்ச கை அது. இப்போ பல்லாங்குழியில சோழியை எடுத்துடுறாக, ஆனா விரலைப் பிரிச்சு அடுத்த குழியில போட வரலை.

மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது மேலே எழும்புறவங்களுக்கு, நல்ல கையில உறை மாட்டிட்டு, முடியாத கையாலேயே வேலை வாங்குற பயிற்சி உண்டு. முறைப்படி செஞ்சா தினம் 6 மணி நேரம் வரை, 2 வாரம். கண்ணாடியில நல்ல கையைக் காட்டி மூளையை ஏமாத்துற மிரர் தெரபியும் இருக்கு. இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுக்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் யாராச்சும் தெரியுமா? இப்ப வர்றவர் கையை நீட்டி மடக்கிட்டு 20 நிமிஷத்துல கிளம்பிடுறார்.

எண்ணெய் போட்டு உருவுற யோசனை மட்டும் வேண்டாம். ஒருத்தர் கையைப் பிடிச்சு இழுத்ததுல தோள்பட்டை வலி வந்து ராத்திரி தூக்கமே இல்லை.

வீட்டுல உறைப் பயிற்சி செஞ்சவுக, எப்படிப் பழக்குனீக? ஆத்தா பத்தே நிமிஷத்துல உறையைக் கழட்டி வீசிட்டு, "பசிக்குது, கரண்டியைக் குடு"ங்கிறாக.