‘இந்தோன்’, ‘பங்களா’: சுருக்கமா, ஏச்சா?

செம்பனைக்காரன்:
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் மளிகைக் கடைக்காரர் ஓர் அட்டை தொங்கவிட்டிருக்கிறார்: ‘இந்தோன், பங்களாவுக்குக் கடன் இல்லை’. நேற்று யாரோ ஒரு பெண் அதைப் படமெடுத்துப் போட்டு, இழிசொல் என்று பொங்கியிருக்கிறார். இந்தோனேசியர், வங்காளதேசத்தவர் என்று நீட்டி முழக்க யாருக்கு நேரம்? தமிழ்ப் பத்திரிகைகள் கிரிக்கெட் செய்தியில் ‘ஆஸி.’, ‘பாக்.’ என்று தலைப்பே போடுகின்றன. யார் அழுதார்கள்?

கித்தா மகள்:
அந்தப் பெண் நான்தான், அண்ணே. தலைப்பில் இடம் போதாமல் சுருக்குவது வேறு, ஆளின் முகத்துக்கு நேரே சுருக்குவது வேறு. ‘இந்தோன்’ என்ற சொல்லை இந்தோனேசியர்கள் இழிவாகக் கருதுவதால்தான், ஊடகங்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2007இல் நம் தகவல் அமைச்சே சொன்னது. பிரிட்டனில் ‘பாக்கி’யும் வெறும் சுருக்கம்தான். நமக்குப் பாக்கி என்றால் கடைக்கணக்கு. அங்கே 1970களில் தெற்காசியரைத் தெருவில் துரத்தி அடித்தவர்கள் கத்திய சொல் அது. அடிபட்டவர்களில் இந்தியரும் உண்டு. பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டா அடித்தார்கள்?

செம்பனைக்காரன்:
லண்டன் கதை எதற்கு? கடைக்காரர் யாரையும் அடிக்கவில்லை. இங்கே நம் இந்தியரை ஏசச் சொல்லும் ‘கெலிங்’ சுருக்கமே இல்லை, கலிங்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடுதான் நிற்கிறது.

கித்தா மகள்:
பள்ளிவாசலின் பெயர் எனக்கு உறுத்தவில்லை. எட்டு வயதில், பள்ளிக்கூட பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து அந்தச் சொல் வந்தது. திரும்பிப் பார்க்காமல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கலிங்கம் நினைவுக்கு வரவில்லை.

பழைய மண்டோர்:
தம்பி, முழுச் சொல்லா அரைச் சொல்லா என்பதில் என்ன இருக்கிறது? தோட்டத் துரை வீட்டைப் பங்களா என்றோமே, அந்தச் சொல்லும் வங்காளத்திலிருந்து வந்ததுதான். அதன் வாசலில் என் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். இன்று செம்பனைக் குலை வெட்டுகிறவனை அதே சொல்லால் விரட்டுகிறோம். தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்த மண்டோர் நானும் விரட்டியவன்தான். ‘டேய் பங்களா’ என்று மூன்று வருடம் கூப்பிட்ட பையனின் பெயரை, அவன் ஊர் திரும்பும்போது சம்பளச் சீட்டில்தான் பார்த்தேன்.

செம்பனைக்காரன்:
சரி ஐயா, சொல்லை விட்டுவிடலாம். அட்டையில் வேறு என்னதான் எழுதுவது?

கித்தா மகள்:
‘கடன் இல்லை’. அவ்வளவு போதுமே.

செம்பனைக்காரன்:
தங்கச்சி, அப்படி எழுதினால் எனக்கும் கிடைக்காதே!