மூடிப்போன கம்பெனி, பி.எஃப். இல்லை: பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் சிக்கல்

வணக்கம். சென்னையில் ஐ.டி. வேலை, புதுக் கம்பெனியில் போன மாதம்தான் சேர்ந்தேன். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஏஜென்சி என் முதல் வேலையை 'சரிபார்க்க இயலவில்லை' என்று குறித்துவிட்டது. கோயம்புத்தூரில் 2018 ஜூன் முதல் 2020 மார்ச் வரை பார்த்த வேலை அது. வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் வேண்டும் என்கிறார் ஹெச்.ஆர்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 'ஸ்டிரைக் ஆஃப்' (பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது) என்று காட்டுகிறது. இருபது பேருக்கும் குறைவான இடம் என்பதால் பி.எஃப். பிடிக்கவில்லை, யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) சர்வீஸ் ஹிஸ்டரி அடுத்த கம்பெனியிலிருந்துதான் தொடங்குகிறது. சம்பளம் 18,000 ரூபாய். வரி வரம்புக்குள் வராததால் டி.டி.எஸ். (சம்பளத்தில் வரிப் பிடித்தம்) இல்லை, அதற்குச் சான்றான ஃபார்ம் 16 கிடையாது, பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ்.ஸும் காலி.

ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டுகள் எல்லாம் கொடுத்தாயிற்று. லெட்டர்ஹெட்டில் உள்ள எண்ணுக்கு அடித்தால் இப்போது ஒரு டைல்ஸ் கடைக்காரர் எடுக்கிறார். பாவம், ஏஜென்சிக்காரர்கள் அவரையும் விட்டுவைக்கவில்லை. பழைய மேனேஜர் கடிதம் தரத் தயார். ஆனால் ஜிமெயிலில் வந்தால் செல்லாதாம், கம்பெனி மெயிலில்தான் வரவேண்டுமாம். மூடின கம்பெனிக்கு மெயில் ஏது? மாதாமாதம் கம்பெனி பெயரில் சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கிளையில் சீல் வைத்து வாங்கி அனுப்பினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

பி.எஃப்., டி.டி.எஸ். இரண்டுமே இல்லாமல், மூடிப்போன கம்பெனி அனுபவத்தை யாராவது கிளியர் செய்திருந்தால், பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு வேறு எந்த ஆவணத்தைக் கொடுத்து ஏற்க வைத்தீர்கள்?